200 டாலர் செக், ஒரு ஸ்டாம்ப், 91 வருஷம்

இன்னைக்கு எபிசோட் ஒரு செக்கைப் பத்தினது. பேங்க் செக்தான். அதுல எழுதுற தொகை 200 டாலர். அமெரிக்காவில் சில வகைத் துப்பாக்கிகளை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாத்தணும்னா, 1934-ல் கட்ட வேண்டிய வரி 200 டாலர். 2025 டிசம்பர்லயும் அதே 200 டாலர். நடுவில் ஒரு உலகப் போர் வந்து போச்சு, நிலாவுக்கு ஆள் போய் வந்தாச்சு, பெட்ரோல் விலையும் வீட்டு வாடகையும் எங்கேயோ போயிடுச்சு. இந்த எண் மட்டும் ஒரு சென்ட் கூட நகரலை.

சாஃப்ட்வேர் வேலைல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். பழைய கோடுக்குள்ள ஒரு எண் இருக்கும். ஏன் அந்த எண்ணுன்னு டீம்ல யாருக்கும் தெரியாது, தொடவும் பயம். ஆனா இந்த 200-க்கு காரணம் தெரியும், ஆவணங்களும் இருக்கு. அந்தக் காரணத்தைத் தோண்டிப் பார்த்தா, கதை துப்பாக்கியைத் தாண்டிப் போகுது. ஒரு அரசாங்கத்துக்கு ஒரு பொருளைத் தடை செய்ய அதிகாரம் இல்லைன்னா, அது என்ன செய்யும்? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

அந்த செக் எங்கே போகும்?

முதல்ல நடைமுறையைப் பார்த்துடலாம். அமெரிக்காவில் சாதாரண ரைஃபிளோ கைத்துப்பாக்கியோ கடையில் வாங்கினா, குற்றப் பின்னணி சோதனை முடிஞ்சதும் பெரும்பாலான மாநிலங்களில் எடுத்துக்கிட்டுப் போயிடலாம். ஆனா தனியா ஒரு பட்டியல் இருக்கு. மெஷின் கன், 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன், சைலன்சர், கையெறி குண்டு மாதிரியான வெடிபொருட்கள். இவை எல்லாம் 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழே வரும்.

வரி 200 டாலரா இருந்த காலத்தில் ஒருத்தர் கடையில் ஒரு சைலன்சர் வாங்குறார்னு வெச்சுக்குவோம். பொருளுக்கான காசைக் கடைக்காரருக்குக் கொடுத்துட்டார். பொருள் கைக்கு வராது, கடையிலேயே பூட்டி இருக்கும். அப்புறம் ஃபார்ம் 4-னு ஒரு விண்ணப்பம், ரெண்டு பிரதி. கூடவே கைரேகை அட்டைகள், பாஸ்போர்ட் அளவு போட்டோ. இதோட 200 டாலருக்கு ஒரு செக்கோ மணி ஆர்டரோ வைக்கணும். பின்னாளில் ஃபார்ம்லயே கார்டு எண் எழுதும் வசதியும் வந்தது. கவர் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போகும். அங்கே பணத்தைத் தனியா எடுத்து வரவு வெச்சுட்டு, காகிதங்களை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிற அலுவலகத்துக்கு அனுப்புவாங்க. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருட்களைக் கவனிக்கிற ஏ.டி.எஃப். துறையின் அலுவலகம் அது.

அதுக்கப்புறம் நிசப்தம். மாசக்கணக்கில் எந்தத் தகவலும் இருக்காது. விண்ணப்பிச்சவருக்குக் கிடைக்கிற முதல் அடையாளம், அவரோட பேங்க் ஸ்டேட்மென்ட்ல செக் பாஸ் ஆன வரிதான். 'அப்பாடா, கவர் போய்ச் சேர்ந்துடுச்சு, வரிசையில் நம்ம பேரும் இருக்கு' என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டா 200 டாலரும் திரும்ப வரும். ஏன்னா அது விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கைமாறுதலுக்கான வரி. கைமாறலைன்னா வரியும் இல்லை.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த செக்கோட வரி கட்டினதா ஆயிடாது. வரியைக் கட்ட வேண்டிய முறை ஸ்டாம்ப். நிஜமான, பின்பக்கம் பசை உள்ள, 200 டாலர்னு அச்சடிச்ச ஸ்டாம்ப். நம்ம ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி. செக் அந்த ஸ்டாம்ப்பை வாங்குது. அனுமதி கிடைச்சதும் அதிகாரி அதை விண்ணப்பத்தில் ஒட்டி, ரத்து முத்திரை போட்டு, விக்கிறவருக்கு அனுப்புவார். சட்டப்படி வரியைக் கட்ட வேண்டியவரும் விக்கிறவர்தான். நடைமுறையில் வாங்குறவர் தலையில்தான் விழும். அந்த ஸ்டாம்ப் ஒட்டின காகிதம்தான் பொருளோட ஜாதகம். அது இல்லாம பொருள் கையில் இருந்தா, 10 வருஷம் வரை சிறை.

ஒரு வரி ஸ்டாம்ப் ஒட்டாததுக்குப் பத்து வருஷமா? அதைப் புரிஞ்சுக்க 1934-க்குப் போகணும்.

தடை செய்ய முடியாத அரசு

1920-லிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ளச் சாராயப் பணத்தில் கும்பல்கள் வளர்ந்தன. 1929 பிப்ரவரி 14, சிகாகோவில் ஒரு கராஜுக்குள் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். போலீஸ் உடையில் வந்தவர்கள், கையில் தாம்சன் மெஷின் கன். 1933 பிப்ரவரி 15, மயாமியில் ஜூசெப்பே சங்காரா என்பவர், பதவியேற்கக் காத்திருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறி வைத்துச் சுட்டார். ரூஸ்வெல்ட் தப்பினார். அருகில் இருந்த சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் காயமடைந்து, அடுத்த மாதம் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 17, கான்சாஸ் சிட்டி ரயில் நிலையத்துக்கு வெளியே நாலு சட்ட அதிகாரிகளும் அவர்கள் அழைத்து வந்த கைதியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஜனம் கொதிச்சுப் போயிருந்தது. ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் ஒரு மசோதாவோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார். உங்களுக்கும் எனக்கும் உடனே தோணுறது, 'மெஷின் கன்னைத் தடை பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?' 1934 ஏப்ரலில் நடந்த குழு விசாரணையில் உறுப்பினர்களே இதைக் கேட்டார்கள். கம்மிங்ஸ் சொன்ன பதிலின் சாரம் இது: அமெரிக்க அரசியலமைப்பில் பொது ஒழுங்கைக் காக்கும் போலீஸ் அதிகாரம் மாநிலங்களுடையது. மத்திய அரசு நேரடியாகத் தடை போட்டால் கோர்ட்டில் நிற்குமா என்பது சந்தேகம். ஆனால் வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. அந்த வழியில் போனால் பாதுகாப்பு.

இந்த உத்தி அவர் கண்டுபிடிச்சது கிடையாது. 1914-ல் ஹாரிசன் சட்டம் இதே வழியில்தான் அபின், கோகெய்ன் வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் வருஷத்துக்கு ஒரு டாலர் வரி கட்டிப் பதிவு செய்யணும். பதிவில்லாம வித்தா குற்றம். ஒரு டாலர் வரியில் கஜானா நிரம்பாது. பதிவேடுதான் நோக்கம். 1919-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனா எல்லா முறையும் இந்த உத்தி பலிக்கலை. குழந்தைத் தொழிலாளரை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களின் லாபத்தில் 10 சதவீத வரின்னு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1922-ல் உச்ச நீதிமன்றம் அதை அடிச்சுப் போட்டது. 'இது வரி வேஷம் போட்ட தண்டனை' என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக, கம்மிங்ஸும் அவரது வழக்கறிஞர்களும் ஒரு குறுகலான பாதையில் நடக்க வேண்டியிருந்தது. வரி ஆளைத் தடுக்கும் அளவுக்குக் கனமா இருக்கணும், அதே சமயம் பார்க்க வரி மாதிரியே இருக்கணும்.

அங்கேதான் 200 வருது. ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலை அப்போ ஏறக்குறைய 200 டாலர். அதாவது நூறு சதவீத வரி. புது ஃபோர்ட் கார் சுமார் 500 டாலருக்குக் கிடைத்த, பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. இன்றைய மதிப்பில் கணக்குப் போட்டால் 4,600 டாலருக்கு மேல் வரும். சில டாலருக்குக் கிடைக்கும் பழைய ஷாட்கன்னின் குழலை ரம்பத்தால் அறுத்தாலும் அதே 200. சைலன்சருக்கும் அதே 200. பணக்காரருக்குச் சிரமம், மத்தவங்களுக்கு மூடின கதவு.

1934 ஜூன் 26-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஏற்கெனவே இந்த ஆயுதங்களை வைத்திருந்தவர்கள், சட்டம் அமலுக்கு வந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். புதுசா வாங்குகிறவர் கைரேகையும் போட்டோவும் கொடுத்து, ஸ்டாம்ப் ஒட்டின உத்தரவோடுதான் வாங்க முடியும். வசூலிக்கும் பொறுப்பு கருவூலத் துறைக்கு. சட்டம் போய் உட்கார்ந்த இடமும் மத்திய வரிச் சட்டத் தொகுப்புதான். இன்னைக்கும் அங்கேதான் இருக்கு.

நீக்க மறந்த வரிகள்

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

கம்மிங்ஸ் கொண்டுவந்த முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. பிஸ்டல், ரிவால்வர் எல்லாம். அப்படி இருந்தால் ஒரு ஓட்டை வரும். கைத்துப்பாக்கிக்கு வரி, ரைஃபிளுக்கு வரி இல்லை என்றால், ரைஃபிளை வாங்கி அறுத்துச் சட்டைக்குள் மறைச்சுக்கலாமே? அதை அடைக்கத்தான் குட்டைக் குழல் ரைஃபிளும் ஷாட்கன்னும் பட்டியலில் சேர்ந்தன. தர்க்கம் சரிதான்.

தேசிய ரைஃபிள் சங்கம் எதிர்த்தது. அதன் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுதலில் தங்கம் வாங்கியவர், குழுவுக்கு முன் சாட்சி சொன்னார். கடைசியில் கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டன. ஆனா ஓட்டையை அடைக்கச் சேர்த்த பகுதி அப்படியே தங்கிடுச்சு. கதவைக் கழட்டிட்டாங்க, பூட்டு மட்டும் சுவரில் தொங்குது. விளைவு என்ன? கைக்குள் அடங்கும் பிஸ்டலுக்கு இந்த வரி கிடையாது. 15 அங்குலக் குழல் உள்ள, அதைவிடப் பல மடங்கு பெரிய ரைஃபிளுக்கு 2025 வரை வரியும் இருந்தது, சிறை இன்னைக்கும் உண்டு. ஒரு அங்குலத்துக்காக இன்னைக்கும் வழக்கு நடக்குது.

27 பேர் கட்டிய வரி

கோர்ட் பரீட்சை சீக்கிரமே வந்தது. கைமாறுதலுக்கு மட்டுமில்லை, இந்த வகைத் துப்பாக்கி விக்கிற வியாபாரிக்கும் வருஷத்துக்கு 200 டாலர் உரிம வரி இருந்தது. அதைக் கட்டாத சான்சின்ஸ்கி என்ற வியாபாரியின் வழக்கு 1937-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. அவரது வாதம்: இது வரியே இல்லை, தண்டனை.

நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லா வரியும் ஏதோ ஓரளவுக்கு ஒழுங்குபடுத்தும் வேலையைச் செய்யத்தான் செய்கிறது. நாடாளுமன்றத்தின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நாங்கள் தோண்ட மாட்டோம். பார்க்க வரியாக இருக்கிறது, கொஞ்சமாவது வருமானம் வருகிறது, போதும். இதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைத் தீர்ப்பின் அடிக்குறிப்பே சொல்கிறது. 1934-ல் அந்த வியாபாரி வரியைக் கட்டியவர்கள் நாடு முழுக்க 27 பேர். 1935-ல் 22 பேர். 27 பேர் தலா 200 டாலர்னா மொத்தம் 5,400 டாலர். ஒரு மத்திய அரசின் முழு வருஷ வசூல்! ஆனா பூஜ்ஜியம் இல்லை. அந்தப் பூஜ்ஜியத்தை நினைவில் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

இந்தத் தீர்ப்பு வந்த சூட்டோடு, அதே 1937-ல் கருவூலத் துறை இதே அச்சில் கஞ்சா வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு செய்தவருக்குக் கைமாத்த அவுன்ஸுக்கு ஒரு டாலர், பதிவு செய்யாதவருக்கு நூறு டாலர். ஒரு உத்தி கோர்ட்டில் ஜெயிச்சா அடுத்த துறைக்கும் பரவும்.

1939-ல் மில்லர் வழக்கு. ஜேக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர், ஒக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் குழல் அறுத்த ஷாட்கன் ஒன்றைக் காரில் கொண்டுபோய் மாட்டினார்கள். அமெரிக்காவின் ஆயுத உரிமை பற்றி எந்த விவாதம் வந்தாலும் இந்த வழக்கின் பேர் அடிபடும். ஆனா குற்றச்சாட்டைப் படிச்சுப் பாருங்க. பதிவில்லை, ஸ்டாம்ப் ஒட்டின உத்தரவு இல்லை. 200 டாலர் ஸ்டாம்ப் ஒன்று இல்லாததிலிருந்துதான் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் பற்றிய அந்தத் தீர்ப்பு பிறந்தது. உச்ச நீதிமன்றத்தில் மில்லர் தரப்பில் வாதாட யாருமே வரவில்லை. தீர்ப்பு வரும் முன்பே மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

பதிவு செய்தாலும் குற்றம்

இந்தச் சட்டத்தின் அடித்தளத்தில் ஒரு முரண் ஒளிஞ்சிருந்தது. அது வெளியே வர 34 வருஷம் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. உங்ககிட்ட ஸ்டாம்ப் இல்லாத ஒரு அறுத்த ஷாட்கன் இருக்கு. சட்டம் சொல்லுது, பதிவு பண்ணு. பதிவு பண்ணப் போனா, 'என்கிட்ட ஸ்டாம்ப் இல்லாத ஆயுதம் இருக்கு'ன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்க. அதாவது ஒப்புதல் வாக்குமூலம். பதிவு பண்ணலைன்னா அதுவும் குற்றம். ஆனா அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது.

ஹேன்ஸ் என்பவர் இந்த வாதத்தோடு உச்ச நீதிமன்றம் போனார். 1968 ஜனவரியில் 7-க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தார். ஒரே தீர்ப்பில் சட்டத்தின் பல் பிடுங்கப்பட்டது. அதுவும் எந்த வருஷம்? மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 1968.

அக்டோபரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி எழுதியது. இனிமேல் ஆயுதத்தைத் தயாரிப்பவரும் கைமாற்றுபவரும்தான் பதிவு செய்ய வேண்டும், அதுவும் கைமாறும் முன்பே. பதிவுக்காகக் கொடுத்த தகவலை, அதுக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கோ அப்போ நடக்கிற குற்றத்துக்கோ அவருக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்த முடியாது. கையெறி குண்டு, வெடிபொருட்கள் பட்டியலில் சேர்ந்தன. நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை பொது மன்னிப்புக் காலம். போரிலிருந்து நினைவுப் பொருளாகக் கொண்டுவந்து பரணில் போட்டு வைத்திருந்த மெஷின் கன்களை எல்லாம் வரி இல்லாமல், கேள்வி இல்லாமல் பதிவு செய்ய ஒரு மாசம். இவ்வளவையும் மாத்தினவங்க ஒன்றை மட்டும் தொடலை. 200 டாலர்.

பணத்தின் இடத்தில் காத்திருப்பு

பணவீக்கம் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. 1934-ல் 200 டாலர் பெரிய சுவர். 1968-ல் பாதிச் சுவர். 2000-க்கு அப்புறம் வாசப்படி. ஒரு நல்ல சைலன்சரின் விலையே பல நூறு டாலர் ஆகும்போது, அதுக்கு மேல 200 கட்ட மனசு வலிக்கும், அவ்வளவுதான்.

மெஷின் கன் கதை தலைகீழ். 1986 மே 19-க்குப் பிறகு தயாரான மெஷின் கன்னைப் பொதுமக்கள் வாங்க முடியாது என்று நியூ ஜெர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் கொண்டுவந்த திருத்தம் சொல்லிவிட்டது. அதுக்கு முன்னாடி பதிவானவை மட்டும் கைமாறலாம். எண்ணிக்கை கூடாது, ஆனா ஆசைப்படுறவங்க கூடிக்கிட்டே போறாங்க. இன்னைக்கு ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். 30,000 டாலர் பொருளுக்கு 200 டாலர் வரின்னா ஒரு சதவீதம் கூட வரலை. நூறு சதவீதமாகத் தொடங்கின வரி அது.

பணம் தடுக்கிறதை நிறுத்தின பிறகு, அந்த வேலையை வரிசை எடுத்துக்கிட்டது. வரி லேசானதும் விண்ணப்பங்கள் குவிந்தன. காகித ஃபார்ம் 4-க்கு அனுமதி வர பல மாதங்கள், சில காலகட்டங்களில் ஒரு வருஷத்தை ஒட்டி. 2013-ல் ஆன்லைன் முறை வந்தது. அடுத்த வருஷமே சர்வர் தாங்காமல் ஃபார்ம் 4-ஐ அதிலிருந்து எடுத்துட்டாங்க. மறுபடி வந்தது 2021 டிசம்பரில். ஏழு வருஷத்துக்கும் மேலே, மத்த எல்லாத்தையும் போனிலேயே கட்டிக்கிட்டு இருந்த மனுஷங்க இதுக்கு மட்டும் செக்புக்கைத் தேடிக்கிட்டு இருந்தாங்க.

ஒரு இன்ஜினியரா எனக்கு இதில் உறுத்துறது ஒன்று. சட்டம் சொல்லும் தடை 200 டாலர்தான். 'ஒரு வருஷம் காத்திரு'ன்னு எந்தப் பிரிவிலும் இல்லை. ஆனா ஜனங்க உண்மையில் சந்தித்த தடை அந்தக் காத்திருப்புதான். யாரும் ஓட்டுப் போடாத, யாரும் விவாதிக்காத ஒரு விதியை அலுவலகத்தின் மெதுவான வேகம் உருவாக்கியது. ஆன்லைன் முறை சீரானதும், 2024-ல் பல விண்ணப்பங்களுக்குச் சில நாளிலேயே அனுமதி வந்தது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறலை, ஆனா நடைமுறையில் ஒரு பெரிய தடை காணாமல் போச்சு. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேணும்னு சொல்றவங்களுக்கும் சரி, வேணாம்னு சொல்றவங்களுக்கும் சரி, இது சங்கடமான விஷயம்தான். நாடாளுமன்றம் செய்ய வேண்டிய முடிவை சர்வர் செய்யுது.

பூஜ்ஜியம் ஒரு வரியா?

இப்போ கடைசிக் கட்டம். 2025 ஜூலை 4-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவு மசோதாவுக்குள் ஒரு சின்னப் பிரிவு இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவற்றுக்கு வரி 0 டாலர். மெஷின் கன்னுக்கும் வெடிபொருட்களுக்கும் மட்டும் பழைய 200 தொடரும்.

கவனிங்க. வரியை நீக்கவில்லை, தொகையைப் பூஜ்ஜியம் ஆக்கினார்கள். ஃபார்ம் இருக்கு, கைரேகை இருக்கு, போட்டோ இருக்கு, பதிவேடு இருக்கு, பதிவு இல்லாவிட்டால் சிறையும் இருக்கு. செக் மட்டும் இல்லை.

உடனே வழக்குகள் பாய்ந்தன. துப்பாக்கி ஆதரவு அமைப்புகளின் வாதம் எளிமையானது. 1937-ல் இந்தச் சட்டம் பிழைத்ததே இது வரி என்பதால்தான். 27 பேராவது கட்டினார்கள், கொஞ்சமாவது வசூல் வந்தது. இப்போது வசூல் பூஜ்ஜியம். வரியே இல்லாத வரிச் சட்டத்துக்குப் பதிவேடு எதுக்கு? மறுபக்கம் இருப்பவர்கள் சொல்வது: தொகை எதுவானாலும் இந்த ஆயுதங்களைக் கண்காணிக்கும் தேவை மாறவில்லை. மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1934-ல் இருந்ததைவிட இன்று மத்திய அரசுக்கு விரிந்திருக்கிறது, அதன் மேலும் இந்தப் பதிவேடு நிற்கலாம்.

இதே நாடகம் வேறொரு மேடையில் ஏற்கெனவே நடந்திருக்கு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், காப்பீடு எடுக்காதவர் ஒரு தொகை கட்ட வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை 'வரி' என்ற பேரில்தான் காப்பாற்றியது. அந்தத் தீர்ப்பிலும் 1937-ன் சான்சின்ஸ்கி வழக்கு மேற்கோளாக வருது. 2017-ல் நாடாளுமன்றம் அந்தத் தொகையைப் பூஜ்ஜியம் ஆக்கியது. அப்போ அது வரியா இல்லையா என்று டெக்சஸ் உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2021-ல் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்கு வழக்குப் போடும் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டது. பூஜ்ஜியம் ஒரு வரியா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்திடமிருந்து பதில் வரலை. அந்தக் கேள்விதான் இப்போ துப்பாக்கி வழியா திரும்ப வந்திருக்கு. அங்கே பாதிப்பைக் காட்ட முடியலை. இங்கே பதிவு செய்யாதவருக்குச் சிறை காத்திருக்கு. அதனால இந்தத் தடவை தகுதிக் கேள்வியைச் சொல்லிக் கதவைச் சாத்துறது அவ்வளவு சுலபம் இல்லை.

கம்மிங்ஸ் 1934-ல் நேர் வாசலில் நுழைய முடியாமல் பக்கவாட்டு வாசலில் நுழைந்தார். அன்னைக்கு அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. தெருவில் மெஷின் கன் வெடிச்சுக்கிட்டு இருந்தது. ஆனா ஒரு சட்டம் தன் உண்மையான நோக்கத்தைச் சொல்லாமல் வேறு பேரில் வாழ்ந்தா, அந்த நோக்கத்தைப் பத்தின நேர்மையான விவாதம் நடக்கவே நடக்காது. சைலன்சர் ஆபத்தானதா? குட்டை ரைஃபிள் நீள ரைஃபிளைவிட மோசமா? யார் வைத்திருக்கலாம், யார் கூடாது? இதையெல்லாம் பேச வேண்டிய இடத்தில் 91 வருஷமா பேசினது, 'இது வரியா, இல்லையா?' அந்தப் பேச்சு நடந்த காலம் முழுக்க, கட்ட முடிஞ்சவர் கட்டினார், முடியாதவர் விலகிப் போனார், கட்டாமல் மாட்டினவர் உள்ளே போனார்.

அந்த வழக்குகளில் உறுதியான தீர்ப்பு வரும்போது இதைப் பத்தி இன்னொரு எபிசோட் போடலாம். ஒரு மெஷின் கன் கைமாறணும்னா, இப்பவும் அந்த 200 டாலர் கட்டியே ஆகணும். அந்த எண்ணை இன்னும் யாரும் தொடலை.